பாதி வீட்டை விற்ற அண்ணனும் கடிதத்தில் விடுபட்ட அத்தையும்

கேள்வி: எங்களுடையது முதுகுளத்தூர் பக்கம் ஒரு கண்மாய்க்கரைக் கிராமம். பர்மாவில் சம்பாதித்து வந்த தாத்தா கட்டிய வீடு. நிலைக்கு மேல் 1924 என்று செதுக்கியிருக்கும். பன்னிரண்டு தேக்குத் தூண், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். அப்பத்தா போய்ச் சில வருடம் கழித்து, 1968-இல் தாத்தாவும் உயில் எழுதாமல் காலமானார். அத்தையைக் கமுதியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. முன்பாதியில் பெரியப்பா, பின்பாதியில் அப்பா என்று புழங்கினார்களே தவிர, பத்திரம் எழுதிப் பிரிக்கவில்லை. இருவரும் இப்போது இல்லை. நான் ஒரே மகள். அம்மாவோடு இதே வீட்டில் இருக்கிறேன். கோவையில் இருக்கும் பெரியப்பாவின் ஒரே மகன், பெரியம்மா இறந்தபின், இந்தச் சித்திரையில் ‘பிரிபடாத பாதிப் பங்கு’ என்று ஒரு வெளியாளுக்குக் கிரயம் செய்துவிட்டார். வாங்கியவர் பறவை பார்க்க வருகிறவர்களுக்கு விடுதி கட்டப்போகிறாராம். காரைக்குடியிலிருந்து ஆள் கூட்டிவந்து தூண்களை டேப் பிடித்து அளந்து, சாக்பீஸால் எண்ணும் போட்டுப் போனார். கேட்டால், ‘இது கண்மாய்ப் புறம்போக்கு, எதிர்த்தால் தாலுகா ஆபீஸில் எழுதிப்போடுவேன்’ என்கிறார். நூறு வருட வீடு என்பதால் அரசாங்கம் இதைத் தடுக்காதா?

பதில்: தடுக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக மனு எழுதி அலைய வேண்டாம். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டமும், தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்டதென்று அரசு அறிவித்த இடங்களுக்கே காவல். வயது நூறைத் தாண்டியது என்பதற்காக ஒரு தனியார் வீடு தானாக அந்தப் பட்டியலில் ஏறிவிடாது. ராமேசுவரம் மசூதித் தெருவில் கலாம் வளர்ந்த வீட்டை இன்றைக்கு ஊரே பார்த்துவிட்டுப் போகிறது என்றால், அந்தக் குடும்பம் அதை விடாமல் வைத்திருந்ததுதான் காரணம். உங்கள் வீட்டுக்கும் காவல் குடும்பம்தான். அதில் ஒருவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

‘அத்தையைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது.’

உங்கள் வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வீடு தாத்தாவின் சொந்தச் சம்பாத்தியம். அவர் இறந்தது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு. உயில் இல்லை. அப்படியானால் அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி இரண்டு மகன்களுக்கும் ஒரு மகளுக்கும் சமபங்கு, ஆளுக்கு மூன்றில் ஒன்று. பெண்ணுக்குச் சொத்துரிமை 1989-இல் வந்தது, 2005-இல் வந்தது என்று ஊரில் சொல்வதெல்லாம் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை பற்றியது. இங்கே அந்தக் கேள்வியே எழாது. குடியிருக்கும் வீட்டை ஆண்மக்கள் பிரிக்க முன்வராதவரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று 23-ஆம் பிரிவு ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தது. 2005-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். அத்தை அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருக்கவில்லை என்பதாலும் பங்கு போகாது. கூட்டுச் சொந்தக்காரர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும். அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தாரா என்று மட்டும் விசாரியுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், உங்கள் அண்ணன் விற்றது தன்னிடம் இல்லாததையும் சேர்த்து. அவரிடம் இருந்தது மூன்றில் ஒன்று. பத்திரத்தில் பாதி என்று எழுதினாலும் வாங்கியவருக்கு வந்து சேர்வது மூன்றில் ஒன்றுதான். மீதி ஆறில் ஒரு பங்குக்கான பணத்தை அவர் உங்கள் அண்ணனிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். நீங்கள் அந்தப் பத்திரத்தில் கட்சிக்காரர் இல்லை. அதை ரத்து செய்யக் கோரவும் வேண்டியதில்லை, உங்களைக் கட்டுப்படுத்தாது என்று அறிவிக்கக் கேட்டால் போதும். ஆனால் ஒன்று. இதே கணக்கில் உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்ந்த பங்கும் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அதை மனதார ஒப்புக்கொண்டு, நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் வெற்றிலை பாக்கோடு கமுதிக்குப் போய்விட்டு வாருங்கள். நீங்களும் அம்மாவும் அத்தையும் சேர்ந்து வாதிகளாக நின்றால் வீட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு பக்கம் நிற்கும். அத்தையை மறைத்துவிட்டு நீதிமன்றம் போனால், எதிர்க்கட்சி வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதமே அதுதான். அதைவிட மோசம், வாங்கியவர் உங்களுக்கு முன்னால் கமுதி பஸ் ஏறிவிடலாம்.

இனி அவர் வீட்டுக்குள் வரலாமா என்பது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இன் 44-ஆம் பிரிவில் இரண்டாவது பத்தி ஒன்று உண்டு. பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாளுக்கு, வீட்டாரோடு சேர்ந்து அதில் இருக்கவோ புழங்கவோ உரிமை கிடையாது என்கிறது அது. பங்கு அவருடையதுதான், திண்ணையில் உட்காரும் உரிமை மட்டும் இல்லை. இது இந்துக்களுக்கு மட்டும் உரியதல்ல. 1990-இல் உச்சநீதிமன்றம் தோராப் காவஸ்ஜி வார்டன் வழக்கில் இந்தப் பிரிவை வைத்துத்தான் வெளியாளுக்கு எதிரான இடைக்காலத் தடையை நிலைநாட்டியது; அது ஒரு பார்சிக் குடும்பத்து வீடு. கீழக்கரை மரைக்காயர் வீட்டுக்கும் பாம்பன் கிறிஸ்தவர் வீட்டுக்கும்கூட இதே விதிதான். எனவே பேச்சுவார்த்தை என்று சொல்லி அவர் ஒரு அறையில் சாமான் இறக்க வந்தால் சம்மதிக்காதீர்கள். முன்பாதியைப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுக்கிற தவறையும் செய்துவிடாதீர்கள்.

முன்பாதி, பின்பாதி என்று புழங்கியது வசதிக்கான ஏற்பாடு, பாகப்பிரிவினை ஆகாது. ஆனாலும் அப்பாவின் டிரங்குப் பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பெரியப்பாவும் அப்பாவும் எப்போதாவது கூர்ச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், நான் மேலே சொன்னதில் பலதும் ஆட்டம் காணும். அதை உங்கள் வக்கீல் முதல் நாளே பார்த்தாக வேண்டும்.

வாங்கியவருக்கு மிஞ்சும் வழி, பாகம் கேட்டு வழக்குப் போடுவது. போடட்டும். போட்டால் 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும்: அவருடைய பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று குடும்பத்தார் முன்வந்தால், நீதிமன்றம் விலை மதிப்பிட்டு உங்களுக்கே விற்கச் சொல்லும். இந்த உரிமை அவர் பாகம் கேட்டு வந்தால்தான் கிளம்பும். பாகப்பிரிவினை வழக்கை நீங்கள் முந்திக்கொண்டு போட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நிரந்தரத் தடையும் விளம்புகையும் கேட்டு வழக்குப் போடுங்கள். மூன்றில் ஒரு பங்கை வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதை அத்தையோடு உட்கார்ந்து இப்போதே கணக்குப் பாருங்கள். மதிப்பு நாட்டு ஓட்டு விலையில் வராது.

கண்மாய் மிரட்டல் பாதிதான் காற்று. அ-பதிவேடு, புலப்படம், நத்தம் அடங்கல் மூன்றுக்கும் நகல் கேளுங்கள். வீடு நிற்கும் இடம் கிராமநத்தம் என்று இருந்தால் கவலை விட்டது. நத்தம் அரசுக்குச் சொந்தமானதல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சேதுபதி ஜமீன் போனபோதும், 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு வீடுகளை அவரவருக்கே விட்டுவிட்டது. ஆனால் கரையையொட்டிய வீடுகளில் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும். மாட்டுக்கொட்டகையோ கழிப்பறையோ புலப்படத்தில் கண்மாய்க்குள் விழுந்தால், யாரும் சொல்வதற்கு முன் நீங்களே பிரித்துவிடுங்கள். 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் முன் ‘நூறு வருஷமாக இருக்கிறோம்’ என்ற வாதம் நிற்காது. அந்தக் கொட்டகைக்காக வீட்டைப் பேச்சுக்கு இழுக்காதீர்கள்.

கடைசியாகத் தூண்கள். கழற்றி லாரியில் ஏற்றிவிட்டால் தடையுத்தரவு வெறும் காகிதம். வழக்கோடு அன்றைக்கே இரண்டு மனு போக வேண்டும்: கட்டடத்தில் எதையும் பெயர்க்கக் கூடாதென்று இடைக்காலத் தடை, தூண், நிலை, உத்தரம் எல்லாவற்றையும் எண்ணிப் படத்தோடு அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர். கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள் நூறு வருடத்துக்குக் குறையாமல் பழையதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் விளக்கத்துக்குள் வரும். உரிமம் இல்லாமல் அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய முடியாது. காரைக்குடிக்காரருக்குப் பதிவுத் தபாலில் இதை ஒரு பக்க நோட்டீஸாக அனுப்பிவையுங்கள். வழக்குக்கு இது பக்கபலம்தான், ஆனால் விவகாரத்தில் கிடக்கும் தூணுக்கு முன்பணம் கொடுக்க வியாபாரி யோசிப்பார். இன்றைய தினசரி ஒன்றைப் பக்கத்தில் வைத்து பன்னிரண்டு தூணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் போட்ட சாக்பீஸ் எண்களை, எவ்வளவு ஆத்திரமாக இருந்தாலும், துடைத்துவிடாதீர்கள். ஆணையர் வந்து பார்க்கட்டும்.