வடசென்னைப் படகுகளுக்குத் துப்புரவும் மெருகும்: முறையைத் தேர்வு செய்தல்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் நீரிலேயே ஆண்டின் பெரும்பகுதியைக் கழிக்கும் விசைப்படகும், திருவொற்றியூர்க் குப்பத்தின் மணலில் நாள்தோறும் இழுத்து ஏற்றப்படும் ஃபைபர் படகும் ஒரே கடலில் தொழில் செய்தாலும், அவற்றைச் சுத்தம் செய்து மெருகேற்றும் முறைகள் ஒன்றாக இருக்க முடியாது. எந்தத் துப்புரவும் அழுக்கோடு சேர்த்துப் படகின் மேல்தோலிலும் சிறிதை எடுத்துவிடுகிறது. ஆகவே முறைகளை ஒப்பிடுவோர் எது அதிகப் பளபளப்பைத் தரும் என்று கேட்பதற்கு முன், அந்தப் படகின் தோல் எதனால் ஆனது, அதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது, படகு கரையில் உறங்குகிறதா நீரில் உறங்குகிறதா என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். இதே கணக்குத்தான் தனியார் விமானங்களை மெருகேற்றும் தொழிலிலும் உள்ளது: வர்ணம் பூசாத விமானத் தகட்டின் மேல் அரிப்பைத் தடுப்பதற்காகத் தூய அலுமினியம் மெல்லிய படலமாகப் பதிக்கப்பட்டிருக்கும், அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் மெருகோடு அந்தக் காப்பும் போய்விடும்.

ஃபைபர் படகின் தோலுக்கு ஜெல்கோட் என்று பெயர். கண்ணாடி இழைப் பாய்களைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அடுக்கிய உடலின் மேல், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்தில், நிறம் கலந்த பிசினாக அமைவதே அது. வெயிலின் புற ஊதாக் கதிர் இப்பிசினைச் சிதைக்கும்போது மேற்பரப்பு மங்கி, சுண்ணாம்பு போலப் பொடியாகிறது. உலர்ந்த படகின் பக்கவாட்டில் உள்ளங்கையை ஒரு முறை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் தூள் கையோடு வரும். ஈரக் கறுப்புத் துணியால் துடைத்து, துணியில் லேசான சாம்பல் பூச்சு மட்டும் ஏறினால் சோப்பு நீரில் கழுவி, மென்மையான ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, மெழுகு பூசுவது போதும். துணி முழுவதும் வெளுத்துப்போனால் நீரோடு சேர்த்து மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் காம்பவுண்டுக்கு வர வேண்டும். தேய்த்த இடத்தில் இழையின் பின்னல் நிழலாகத் தெரியத் தொடங்கினால், அங்கே மெருகேற்றுவதற்கு ஜெல்கோட்டே மிச்சமில்லை. பட்டி பார்த்து மறுபூச்சுக் கொடுப்பது ஒன்றே வழி, அதற்கு மேலும் மெஷினை ஓட்டுவது படகை அறுப்பதற்குச் சமம். மணலிலும் தூண்டில் வளைவுக் கற்களிலும் உரசும் அடிப்புறத்துக்கு மெழுகு பூசுவது வீண் செலவு. ஓரிரு முறை கரையேறியதும் அது போய்விடும். அந்தப் பணத்தை அடிக்கட்டையின் மேல் கூடுதலாக ஓர் இழைப்பாய் ஒட்டுவதற்குச் செலவிடலாம்.

எண்ணெய் படிந்த படகு தனி வழக்கு. வடசென்னைக்கு அது புதிதும் அல்ல. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதால் கசிந்த எண்ணெய், எர்ணாவூர் முதலான கரைகளில் கூழாகக் குவிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் கழிமுகத்தில் பரவிப் படகுகளின் நீர்மட்டக் கோட்டில் கரும்பட்டையாக ஒட்டிக்கொண்டது. அப்போது 787 படகுகளைச் சீர்செய்வதற்காகப் படகு ஒன்றுக்கு 10,000 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது; ஒரு படகை முறையாகக் கழுவி, பழுதுபார்த்து, மறுபூச்சு வரை கொண்டுவருவதற்கு அது போதுமானதல்ல என்பது இத்தொழிலைத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

இத்தகைய படகுக்கு மண்ணெண்ணெயும் தின்னரும் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பதால் முதலில் அவையே நாடப்படுகின்றன. அவை எண்ணெயை இளக்குவது உண்மைதான்; ஆனால் இளகிய எண்ணெய் கீறல்களின் வழியே இழைப்பாய்க்குள் இறங்கிவிடும் என்பதோடு, தீ அபாயமும் தேய்ப்பவரின் தோலுக்கும் மூச்சுக்கும் கேடும் உண்டு. சமையல் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் எடுப்பது மெதுவானது என்றாலும் சிறிய பரப்புக்கு நல்லது. முழுப் படகுக்கும், பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தத்தில் பீய்ச்சும் வெந்நீரால் கழுவுவதே சிறந்தது. வாடகைக்குச் செலவு கூடினாலும் ஜெல்கோட் தப்பிக்கும். எந்த முறையைக் கொண்டாலும், எண்ணெய் முற்றிலும் போகும் வரை உப்புத்தாளைத் தொடக் கூடாது. முதலிலேயே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் எண்ணெய் தேங்கும் வாய்க்காலாகிவிடும், அதன் மேல் பூசும் புதிய பிசின் பிடிக்காமல் பெயர்ந்து வரும். எண்ணெய் போய்விட்டதா என்று அறிய ஒரு டம்ளர் நன்னீர் போதும்: சரிவில் ஊற்றிய நீர் உடையாமல் ஒரே விரிப்பாகப் பரவினால் பரப்பு சுத்தம், முத்து முத்தாகத் திரண்டு விலகினால் மீண்டும் கழுவ வேண்டும்.

நீரிலேயே கிடக்கும் விசைப்படகுக்கு மெருகு இரண்டாம்பட்சம். அங்கே எதிரி உயிரினங்கள். முதலில் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம், அதன் மேல் பாசி, பிறகு சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்று அடுக்கடுக்காக ஏறுபவற்றால் நீரின் தடை கூடி, அதே வேகத்துக்கு அதிக டீசல் எரிகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பூச முடிகிறது. கொட்டலசைக் கரைக்கக் கழிப்பறை ஆசிட்டை ஊற்றுவது எளிதாகத் தோன்றலாம். அது ஆணிகளையும் புரொப்பல்லரைச் சுற்றியுள்ள உலோகத்தையும் சேர்த்தே தின்னும். படகு ஏறிய அன்றே, ஈரம் காயும் முன், அகலச் சுரண்டியால் சாய்வாகத் தள்ளினால் பெரும்பாலானவை பெயர்ந்துவிடும். இரண்டு நாள் வெயில் பட்டபின் அதே வேலைக்கு உளி தேவைப்படும். மரப் படகில் அழுத்த நீரைப் பலகை இணைப்புகளுக்கு நேராகப் பிடித்தால், இடுக்கில் நாரும் குங்கிலியமும் வைத்து அடைத்த கலப்பத்து வெளியே வந்துவிடும் என்பதால், அங்கே கைவேலையே பாதுகாப்பு.

சுரண்டிய அடிப்புறத்துக்கு உயிரினம் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு வேண்டும். ஒரு காலத்தில் இதற்கு மிகச் சிறந்ததாகக் கருதப்பட்ட டிரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு, சிப்பிகளின் ஓட்டைக் கோணலாக்கி, பெண் நத்தைகளில் ஆண் உறுப்பு வளரச் செய்ததால், 2008 செப்டம்பர் 17 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் வழி தடைக்குள்ளானது. இன்று பரவலாக இருப்பது தாமிர ஆக்சைடு பூச்சு. அதில் கெட்டியான வகை தேய்ப்பைத் தாங்கும், ஆனால் நஞ்சு தீர்ந்தபின் வெற்றுத் தோலாக நிற்கும். மெல்லக் கரையும் வகை, ஓடும் படகில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் அடிக்கடி நிறுத்திவைக்கப்படும் படகில் அந்தப் பலன் குறையும். வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுக்கு இரண்டாவது வகையே ஏற்றது. நாள்தோறும் கரையேறும் ஃபைபர் படகுக்கு எந்த வகையும் தேவையில்லை. கரையில் காய்வதே அதற்குப் போதுமான தடுப்பு.

இரும்புப் படகுக்கு முன் உள்ள தேர்வு, கம்பித் தூரிகையா துகள் பீய்ச்சலா என்பது. தூரிகை மேல்துருவை மட்டும் எடுக்கும். துகள் பீய்ச்சல் குழிகளுக்குள் இருப்பதையும் எடுத்துப் பூச்சு பிடிக்கச் சொரசொரப்பையும் தரும், ஆனால் அதற்கு முன் நன்னீரால் உப்பைக் கழுவாவிட்டால் உப்பு தகட்டுக்குள்ளேயே அடித்துப் பதிக்கப்படும். வடசென்னையின் உப்புக் காற்றில் சில மணி நேரத்திலேயே புதுத்துரு படர்வதால், பீய்ச்சிய அன்றே பிரைமர் ஏற வேண்டும். துத்தநாகத் தகடு, அதாவது இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு உடலைக் காக்கும் கட்டி, ஒருபோதும் பெயிண்டால் மூடப்படக் கூடாது. மூடினால் அது வேலை செய்யாது. ஆற்று மணலைத் துகளாகப் பயன்படுத்தும் ஒப்பந்தக்காரர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் ஏற்கத் தக்கவர் அல்லர், ஏனெனில் அந்தச் சிலிக்காத் தூள் தொழிலாளியின் நுரையீரலில் தங்கி, ஆற்ற முடியாத நோயாக மாறும். பழைய தாமிரப் பூச்சை உலர்நிலையில் தேய்க்கச் சொல்பவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நீர் விட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது.

சுரண்டிய கழிவு எங்கே போகிறது என்பதையும் விலைப்புள்ளி கேட்கும்போதே கேட்டறிய வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி படுகையைப் போர்வையாக மூடி, இறாலும் நண்டும் வாழும் இடத்தைப் பறித்திருக்கிறது. இத்தகைய உயிரிகள் கப்பல்களின் சமநிலை நீரில் கலந்தும் அடிப்புறத்தில் ஒட்டியுமே கடல் கடக்கின்றன. ஆகவே தரையில் தார்ப்பாய் விரித்து, சுரண்டியதை அதன் மேல் விழச் செய்து, கரையிலேயே காயவைத்து, சாக்கில் கட்டி எடுத்துச் செல்லும் பட்டறையே தேர்வுக்கு உரியது. விசாரிக்கும்போது அந்தத் தார்ப்பாயை விரித்துக் காட்டச் சொல்லலாம்.