எட்டுப் பேர் டீமில் எட்டுப் பேரும் வேலை செய்ய: புதிய டீம் லீடருக்கு முழுமையான வழிகாட்டி

டீம் லீடராகி முதல் மாதம். பட்டியலில் எட்டுப் பேர். வேலையோ நான்கு பேர் செய்த அளவுக்குத்தான் நகர்கிறது. இதில் நோகாமல் நுங்கு தின்பவர் யார் என்று நம் கண் தேட ஆரம்பிக்கும். கொஞ்சம் பொறுப்போம். ஆளை ஆராய்வதற்கு முன், வேலையைப் பிரித்துக் கொடுத்த விதத்தைப் பார்த்துவிடுவோம்.

இது என்ன?

தனியாகச் செய்யும்போது போடும் உழைப்பை, கூட்டத்தோடு சேர்ந்ததும் நம்மையறியாமல் குறைத்துக்கொள்கிறோம். உளவியலில் இதற்கு 'சோஷியல் லோஃபிங்' என்று பெயர். அலுவலகத்தில் 'ஓபி அடிப்பது' என்கிறோம். ஆனால் ஓபி தெரிந்தே அடிப்பது. இது பெரும்பாலும் தெரியாமல் நடப்பது.

மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்தார். 1913இல் வெளிவந்த அவருடைய கணக்கில், எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஆளுக்கு வந்த பங்கு, தனியே இழுத்ததில் பாதிதான். தேர் வடத்தைத் தொட்டபடி சும்மா நடந்தவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். நாமே அப்படி நடந்தும் இருக்கிறோம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்காததால் வந்த இழப்போ என்ற சந்தேகம் எழுந்தது. 1974இல் நடந்த சோதனையில், கண்ணைக் கட்டி, மற்றவர்களும் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தவர் ஒருவரே. அப்போதும் பலம் குறைந்தது. 1981இல் வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ், லட்டானே மூவரும் ஆட்களைக் குழுவாகக் கத்தவைத்தார்கள். தன் குரல் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது யாரும் குரலைக் குறைக்கவில்லை. நமக்கு வேண்டிய சாவி இதுதான்.

எங்கிருந்து தொடங்குவது?

எல்லா வேலையையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இழுத்துக்கொண்டே போகும் ஒரே ஒரு வேலையை எடுப்போம். அதைத் துண்டு துண்டாக்கி ஒரு எக்ஸெல் ஷீட்டில் எழுதுவோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. பெயர் எழுதும் கட்டத்தில் 'டீம்' என்றோ 'அனைவரும்' என்றோ எழுதக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆடிட்டுக்கான கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லி ஆறு பேருக்கு ஒரே மெயில் போனது. மற்ற ஐவரில் யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஆறு பேருமே நினைத்தார்கள். ஆடிட்டுக்கு முந்தைய இரவு, யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்தது. அந்த மெயிலை அனுப்பியவன் நான்.

துண்டின் அளவும் முக்கியம். 'புகார்களைக் கவனிப்பது' என்று எழுதினால் அதற்கு முடிவே கிடையாது. 'திங்கள்வரை வந்த புகார்களுக்கு வியாழன் மாலைக்குள் பதில்' என்றால் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம்.

எத்தனை பேர்?

முடிந்தவரை குறைவாக. எட்டுப் பேரை நால்வர் கொண்ட இரு குழுக்களாக்கலாம். 78 ஆய்வுகளைத் தொகுத்து 1993இல் கராவ், வில்லியம்ஸ் இருவரும் எழுதியதில் ஒரு செய்தி இருக்கிறது: தன் பங்கு இல்லாமலே வேலை முடிந்துவிடும் என்று தோன்றும்போது மனிதர் தளர்ந்துபோகிறார்.

எனவே ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நம்மையே கேட்டுக்கொள்வோம்: இவர் ஒரு வாரம் லீவு போட்டால் எது நின்றுபோகும்? எதுவுமில்லை என்றால் நாம் அவரை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்திருக்கிறோம். அது நமக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும்.

வாரம் எப்படி ஓடும்?

திங்கள் காலை துண்டுகளைப் பங்கிடுவோம். முடிந்தால் அவரவரே தேர்ந்தெடுக்கட்டும். தினமும் 15 நிமிடம், நின்றபடியே, நேற்று என்ன முடிந்தது, இன்று எங்கே சிக்கல் என்று ஒருவருக்கொருவர் சொல்லட்டும். நம் முகத்தைப் பார்த்தே எல்லாரும் பேசினால் அது வருகைப்பதிவாகிவிடும். வெள்ளி மாலை ஷீட்டைத் திறந்து, முடித்தவரைப் பெயர் சொல்லிப் பாராட்டுவோம்.

எவ்வளவு செலவாகும்?

பணமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இருக்கிற எக்ஸெலோ சுவரில் ஒரு வெள்ளைப் பலகையோ போதும். செலவு நேரத்தில்தான். சராசரிச் சம்பளம் 40,000 ரூபாய், மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால், ஒருவரின் ஒரு மணி நேரம் சுமார் 227 ரூபாய். எட்டுப் பேர் ஒரு மணி நேரம் உட்காரும் மீட்டிங் 1,800 ரூபாயைத் தாண்டும். தினசரி 15 நிமிடம் சுமார் 450 ரூபாய். அதனால் கடிகாரத்தைப் பார்த்தே நடத்துவோம்.

எதில் உஷார்?

தலைக்கு மேல் கேமரா, கம்ப்யூட்டரில் மவுஸ் அசைவைக் கணக்கெடுக்கும் மென்பொருள் ஆகியவை வேண்டாம். மவுஸ் நன்றாக அசையும், வேலை அசையாது.

நன்றாகச் செய்பவர் மேல் அதிகக் கண் வேண்டும். மற்றவர் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றினால், ஏமாளியாக இருப்பானேன் என்று ஒருநாள் அவரும் கையைத் தளர்த்திவிடுவார்.

ஒரு மாதம் கழித்தும் ஒருவர் பின்தங்கினால், தனியாக அழைத்து டீ வாங்கிக் கொடுத்து, 'உங்களை எது தடுக்கிறது?' என்று கேட்போம். எங்கள் டீமில் 'சுத்த ஓபி' என்று பேரெடுத்த ஒருவரிடம் அப்படிக் கேட்டேன். மாற்றலாகி வந்த நாளிலிருந்து அவருக்கு வேலைக்கான சாஃப்ட்வேரின் பாஸ்வேர்டையே யாரும் கொடுத்திருக்கவில்லை. மூன்று முறை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம்.