மறைவில் காக்கப்படும் படம்

ஆனேக்கல் வட்டத்திலுள்ள ஹுஸ்கூரில் ஆண்டுதோறும் மத்தூரம்மன் தேர்த்திருவிழா நடைபெறுகிறது. சுற்றியுள்ள சிற்றூர்களின் மக்கள், நூறடிக்கும் மேல் உயர்ந்த தேர்களை அமைத்துக் கோயிலுக்கு இழுத்து வருவர். அக்காட்சியைக் கண்ட சிறுமி ஒருத்தி, தருமபுரியில் வாழும் தன் பாட்டிக்கு அதனை வரைந்து அனுப்ப விரும்பினாள். கல்லூரியில் பயிலும் அவள் அண்ணன், சுட்டியால் வரைவதற்குரிய எளிய நிரல் ஒன்றைக் கணினியில் எழுதித் தந்தான்.

இரண்டு நாள் முயன்று, தேரின் ஒவ்வோர் அடுக்கிற்கும் வண்ணம் தீட்டினாள். இறுதியாக வடத்தை வரையச் சுட்டியை அழுத்தி இழுத்தாள். சுட்டி நகர்ந்த இடந்தோறும் ஒரு கோடு விழுந்தது. விசிறிபோல் விரிந்த கோடுகள் தேரை மறைத்தன. அவற்றை அழித்தபோது அடியிலிருந்த தேரும் சேர்ந்து அழிந்தது.

"அண்ணா, என் தேர் போய்விட்டதே!" என்று கண்கலங்கினாள்.

"தவறு உன்னுடையதன்று, என்னுடையது. எல்லாவற்றையும் ஒரே படத்தில் வரையும்படி நிரலை எழுதிவிட்டேன்" என்றான் அண்ணன்.

"பாட்டி புதுக்கோலத்தை முதலில் தாளில் போட்டுப் பார்ப்பார், சரியாக வந்த பின்னரே வாசலில் இடுவார். கணினிக்கு அப்படி ஒரு தாள் இல்லையா?" என்று சிறுமி கேட்டாள்.

அவ்வினாவே அண்ணனுக்கு வழிகாட்டியது. திரையில் நேராகத் தோன்றாத மூன்று படலங்களை அவன் நினைவகத்தில் அமைத்தான். முதலாவதில் வானமும் திடலும்; இரண்டாவதில் வரைந்து முடித்த தேர்; மூன்றாவது தற்காலிகப் படலம். மேலிரண்டும் கண்ணாடித்தாள் போன்றவை. வரையாத இடங்களில் அடியிலுள்ளது தெரியும்.

சுட்டியை அழுத்தியதும் கோட்டின் தொடக்கப்புள்ளி குறித்துக்கொள்ளப்படும். சுட்டி நகருந்தோறும் தற்காலிகப் படலம் துடைக்கப்பட்டுப் புதிய கோடு அதில் வரையப்படும். பின்னர் மூன்று படலங்களும் கீழிருந்து மேலாக, மறைவிலுள்ள மற்றொரு படத்தில் ஒன்றுசேர்க்கப்படும். அது முழுமையான பின்னரே திரைக்கு வரும். ஆதலால் திரை சிமிட்டுவதில்லை. பொத்தானை விட்டதும் கோடு இரண்டாம் படலத்தில் பதியும். பதியுமுன் அப்படலத்திற்கு ஒரு நகல் எடுத்து வைத்தால், பழைய நிலையை மீட்டுக்கொள்ளலாம்.

இவ்வசதிக்கு நினைவகமே விலை. 800×600 அளவுள்ள படத்தில் 4,80,000 படப்புள்ளிகள் உள்ளன. புள்ளிக்கு 4 பைட்டு எனில், ஒரு படலத்திற்கு 19,20,000 பைட்டு தேவை.

இம்முறை புதிதன்று. 1984ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினியுடன் மேக்பெயின்ட் என்னும் வரைநிரல் வெளிவந்தது. அதனை எழுதியவர் பில் அட்கின்சன். அக்கணினியின் நினைவகம் 128 கிலோபைட்டு மட்டுமே. அச்சிறிய இடத்திலும் நடப்புப் படத்திற்கு ஒன்று, அதன் முந்தைய நிலைக்கு ஒன்று என இரு மறைபடங்களை அவர் வைத்திருந்தார்.

சிறுமி தேரை மீண்டும் வரைந்தாள். வடத்தைப் பலமுறை இழுத்துப் பார்த்தாள். தேருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. அன்று மாலையே படம் பாட்டியைச் சென்றடைந்தது. பிழைக்கு இடம் தரும் கருவியே அச்சமின்றிக் கற்கத் துணைபுரிகிறது.

சொல்லும் பொருளும்

நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுப்பு
படலம் – மெல்லிய அடுக்கு
வடம் – தேர் இழுக்கும் பெருங்கயிறு

பயிற்சி

1. முதல் முறை தேர் அழிந்தது ஏன்?
2. தற்காலிகப் படலத்தின் பயன் யாது?
3. பாடத்தில் கூறிய மூன்று படலங்களுக்கும் தேவையான பைட்டுகளைக் கணக்கிடுக.
4. பிரித்து எழுதுக: நூறடி, தொடக்கப்புள்ளி.
5. உங்கள் ஊர்த் திருவிழாவை வரைய எத்தனை படலங்கள் வேண்டும்? ஐந்து தொடர்களில் எழுதுக.