கடைசி ஆள் காத்த கடமை

வெற்றி பெற்றவனே வீரன் என்பர் பலர். தன் இடத்தை இழந்தும், தன் வேலையை முடித்தவன் ஒருவனின் வரலாறு இது.

1914-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பெல்ஜியம் தேசத்து ஈப்பர் நகரைச் சுற்றிப் பெரும்போர் மூண்டது. கலே, பூலோன் முதலிய துறைமுகங்களைக் கைப்பற்றுவது ஜெர்மானியரின் நோக்கம். அவை பறிபோனால் பிரிட்டிஷ் சேனைக்கு ஆட்களும் தளவாடங்களும் வரும் வழி அடைபட்டுவிடும். எதிர்த்து நின்றவர்களோ சிலர். ஆதலால், மார்சேல்ஸ் துறைமுகத்தில் வந்திறங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த இந்தியப் பட்டாளங்கள் போர்முனைக்கு விரைந்து அனுப்பப்பட்டன.

129-ஆவது பலூச்சிப் பட்டாளத்தில் குதாதாத் கான் ஒரு சிப்பாய். வயது 26. பஞ்சாபில் ஜீலம் ஜில்லாவைச் சேர்ந்த தப் என்னும் கிராமம் அவர் ஊர். யந்திரத் துப்பாக்கிப் பிரிவு அவருடையது. அத்துப்பாக்கி தனியொருவன் கருவியன்று. ஒருவன் சுட, ஒருவன் தோட்டாப் பட்டையை ஊட்ட, மற்றவர் தோட்டாவும் நீரும் சுமந்து வருவர்.

அக்டோபர் 31-ஆம் தேதி ஹோலபெக் கிராமத்தருகே எதிரிகள் பெருந்திரளாய்ப் பாய்ந்தனர். அங்கிருந்த துப்பாக்கிகள் இரண்டு. பீரங்கிக் குண்டு விழுந்து ஒன்று நாசமாயிற்று. தலைமை வகித்த அதிகாரி காயமுற்றார். மற்றத் துப்பாக்கியில் உடனிருந்த ஐவரும் மாண்டனர். தாமும் காயமுற்றிருந்தும் குதாதாத் கான் ஐவர் வேலையையும் தாமே ஏற்றுச் சுட்டுக்கொண்டேயிருந்தார். முடிவில் அவ்விடம் எதிரிகள் வசமாயிற்று. அவரும் இறந்தார் என்றெண்ணி அவர்கள் அப்பாற் சென்றனர். இருட்டியபின் அவர் ஊர்ந்து சென்று தம் பட்டாளத்தை அடைந்தார்.

துப்பாக்கியும் போயிற்று, நிலமும் போயிற்று; ஆயினும் அவர் சம்பாதித்தது காலம். அந்த அவகாசத்தில் உதவிப்படைகள் வந்து சேர்ந்தன. அத்துறைமுகங்கள் அந்த யுத்தம் முடியும்வரை ஜெர்மானியர் கைக்கு எட்டவில்லை.

இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் அளிக்கலாம் என்று 1911-இல்தான் விதி ஏற்பட்டது. இச்செயலுக்காக அதனை ஈட்டிய முதல் இந்தியச் சிப்பாய் இவரே. 1915 ஜனவரியில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதனை அணிவித்தார். பின்னர் சுபேதாராக உயர்ந்து ஓய்வுபெற்ற அவர், 1971-இல் பாகிஸ்தானில் காலமானார்.

ஐக்கிய சங்கமும் பலர் கைகூடி நடத்தும் கருவியே. மழை பொய்த்த வருஷத்தில் ஒருவர் பின்னொருவராய்த் தளர்வர். அப்போது எஞ்சிய சிலர் தவணை தவறாது நின்றால், மற்றவர் மீண்டெழ அவகாசம் கிடைக்கும்.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்:

1. இடத்தை இழந்த சிப்பாய் எதனைக் காத்தார்?

2. நம் சங்கத்தில் பொறுப்பாளர் ஒருவர் விலக நேர்ந்தால், அவர் வேலையை அறிந்தவர் வேறு எவர்?