பிழைத்த கன்றுக்குக் கூலி



ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளம் ஒன்றுதானே என்பார்கள். சம்பளத்தோடு வரும் சலுகைகளையும் பாருங்கள். கென்யா தேசத்து வங்காரி மாத்தாய் அம்மையாரின் சரித்திரத்தில் அது விளங்கும். அமெரிக்காவில் ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் கலாசாலையில் படித்தவர். 1971-ல் நைரோபி சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கேயே ஆசிரியையாயிருந்தபோது, ஆண்களுக்கு வீட்டுப்படி உண்டு. மணமான பெண்ணுக்கு இல்லை. புருஷன் பார்த்துக்கொள்வானாம்! அவர் சும்மாயிருக்கவில்லை, வாதாடினார்.

காடு அழிந்ததால் கிராமத்துப் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் வெகுதூரம் நடந்தார்கள். 1977-ல் அவர் பசுமை வளைய இயக்கத்தை ஆரம்பித்து, அப்பெண்களையே நாற்று வளர்க்கச் செய்தார். அதற்குப் படித்த வனத்துறையார் வேண்டாமா என்று ஆட்சேபித்தவர்கள் உண்டு. சோளமும் அவரையும் விதைத்து வளர்க்கும் கைக்கு மரக்கன்று பெரிய காரியமா? நீங்களே சொல்லுங்கள்.

கூலி கொடுத்த விதம் கவனிக்கத்தக்கது. நட்டதற்கல்ல, நட்டபின் பிழைத்து நின்ற ஒவ்வொரு கன்றுக்கும் சிறு தொகை. ஆகையால் நட்டுவிட்டு மறப்பாரில்லை. காசும் பெண்ணின் கையிலேயே சேர்ந்தது.

1989-ல் நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப முயன்றபோது அவர் எதிர்த்தார். பெண் ஆண்களை மதித்து அடங்கியிருக்க வேண்டும் என்று ஜனாதிபதியே கடிந்துகொண்டார். கட்டடம் எழவில்லை. 2004-ல் அம்மையாருக்கு நோபெல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதற்குள் அப்பெண்கள் நட்ட மரங்கள் 3 கோடி.