"தண்ணி பெயின்ட்டா? போயிரும்!"

"தண்ணியில கலக்குற பெயின்ட்டுதானே அண்ணாச்சி? தண்ணி பட்டாப் போயிரும். எனாமலே குடுங்க."

ராஜபாளையத்தில் பெயின்ட் விற்கிறவனுக்கு ஆவணி பிறந்துவிட்டால் இந்த வசனத்திலிருந்து தப்பிக்க முடியாது. கொலு பொம்மைக்குப் புதுப்பூச்சு கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் அத்தைமார் சொல்கிறார்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, லீவுக்கு வரும்போது பெட்டி நிறைய பிளாஸ்டிக் போர்வீரர்களோடு வந்திறங்கி, மேசை மேல் போர் நடத்தும் தம்பிமாரும் அதையேதான் சொல்கிறார்கள். அத்தைமாரை விட்டுவிடலாம், யாரோ சொல்லிக் கேட்டது. தம்பிமார் வேதியியல் பாஸ் பண்ணியவர்கள். பாலிமர் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடை கவுன்டரில் நின்று "கரைஞ்சிரும்" என்றால் எரிச்சல் வருமா வராதா?

அக்ரிலிக் பெயின்ட்டில் தண்ணீரின் வேலை, பிரஷ்ஷிலிருந்து பொம்மைக்குப் போய்ச் சேரும் வரைதான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் ஆவியானதும் அந்தத் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கி, ஒட்டி, இளகிக் கலந்து ஒரே படலமாகிவிடும். ஆனபிறகு மறுபடி தண்ணீர் ஊற்றினால் பழையபடி துகளாகப் பிரியாது. அது ஒருவழிப் பாதை. ஈரம் காயாமல் இருக்கும்போது பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவலாம். காயவிட்டுவிட்டு அதே பிரஷ்ஷைக் கழுவிப் பாருங்கள். பிரஷ்தான் போகும், பெயின்ட் போகாது. இதை அனுபவிக்காத வீடு இல்லை. ஆனாலும் பேச்சு மாறவில்லை.

வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கேக் கலரும், பாட்டிலில் வந்த போஸ்டர் கலரும் பிசினில் குழைத்தவை. பிசின் எத்தனை முறை காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் கரையும். அந்தக் காலத்துச் சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டிக்கொண்ட சுண்ணாம்பு டிஸ்டம்பரும் அந்த ரகம்தான். இந்த மூன்றையும் பார்த்தவர்கள், தண்ணீரில் கலக்குகிற எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஓவியர்களுக்கான தண்ணீர் அக்ரிலிக் அமெரிக்காவில் கடைக்கு வந்தது 1950களில். தீர்ப்பைத் திருத்த எழுபது வருஷம் போதாதா?

இன்னொரு வேடிக்கை. எனாமல்தான் வேண்டும் என்று என்னிடம் சண்டை போடும் இதே ஆள், சித்திரையில் வந்து வீட்டு வெளிச்சுவருக்கு எக்ஸ்டீரியர் எமல்ஷன் டிரம் கணக்கில் வாங்கிப் போயிருப்பார். அதையும் தண்ணீர் கலந்துதான் அடித்தார்கள். அதிலும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஐப்பசி கார்த்திகை அடைமழை முழுதும் அந்தச் சுவர் நின்று நனைகிறது. வீட்டு நிறம் தெருச் சாக்கடையில் ஓடியதா? மழையில் நிற்கும் சுவருக்குத் தாங்குவது, வீட்டுக்குள் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பொம்மைக்குத் தாங்காதா?

என் பேச்சை நம்ப வேண்டாம். உடைந்த பீங்கான் தட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் போஸ்டர் கலர், மறுபக்கம் அக்ரிலிக், இரண்டு பட்டையாக இழுங்கள். ஒரு நாள் விட்டு ஈரத்துணியால் துடையுங்கள். எது துணியில் வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கடைக்கு வாருங்கள்.

இனி எனாமலின் பக்கம். இரும்பு கேட்டுக்கும் சைக்கிளுக்கும் அதற்கு நிகர் இல்லை. கெட்டி, பளபளப்பு, தேய்மானத்துக்கு அசையாது. ஆனால் பொம்மைக்கு வரும்போது அதன் குணமே வினையாகிறது. எனாமலின் ரெசினில் தாவர எண்ணெய் கலந்திருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் அது காய்கிறது. காய்ந்த பிறகும் அந்த வினை மெல்ல நடந்துகொண்டே இருக்கும். அதில் உண்டாகும் மஞ்சளை வெளிச்சம் வெளுக்கச் செய்யும். இருட்டில் வைத்தால் வெளுக்க ஆள் இல்லை. கொலு பொம்மை வெளிச்சத்தைப் பார்ப்பது வருஷத்தில் பத்து நாள். மிச்ச நாளெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள், பரண் மேல். வெள்ளை எனாமல் மஞ்சளாவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

எங்கள் ஊர் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரியில் தபால்தலையில் ஏறிய ராஜபாளையம் நாய் பால்வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ஆசையாகக் களிமண்ணில் ஒன்று செய்து வாங்கி, தூய வெள்ளை எனாமலில் முக்கி எடுத்து, மூக்கில் ஒரு புள்ளி வைத்து, பெட்டியில் போட்டுப் பூட்டுகிறார்கள். இரண்டு மூன்று நவராத்திரி கழித்து வெளியே வருவது பழுப்பேறிய பல் நிறத்தில் ஒரு நாய். "நல்ல பெயின்ட் தரலியே அண்ணாச்சி" என்று பழி என் தலையில். அதே நாயை அக்ரிலிக்கில் செய்யும் முறை இது: முதலில் வெளிர் ரோஸ் கலந்த சாம்பல் நிறம் முழுக்க. அது காய்ந்ததும் முதுகு, நெற்றி, தொடை மேடு என்று வெளிச்சம் விழும் இடங்களுக்கு மட்டும் வெள்ளை, நீர்த்தாற்போல் இரண்டு மூன்று கோட். காதின் உள்பக்கமும் வயிற்றோரமும் அடிநிறமே தெரியட்டும். அந்த இன நாய்க்கு வெள்ளை ரோமத்துக்கு அடியில் தோல் ரோஸாகத் தெரிவது அப்படியே வந்துவிடும்.

மண்பொம்மைக்கு எனாமல் ஆகாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுட்ட மண் ஈரத்தை இழுக்கும், விடும். எனாமல் படலம் அந்த ஆவியை எளிதில் வெளியே விடாது. கொப்புளம் கட்டி, செதிலாக உரியும். அக்ரிலிக் அந்த விஷயத்தில் கொஞ்சம் மூச்சு விடும்.

அக்ரிலிக்குக்கும் குறை இல்லாமல் இல்லை. சூட்டில் இளகும். பங்குனி சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் பரணில் கிடக்கும் பொம்மையைச் செய்தித்தாளிலோ பிளாஸ்டிக் கவரிலோ இறுக்கிச் சுற்றியிருந்தால், பிரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து உரியும். "பாத்தீங்களா, தண்ணி பெயின்ட் போயிருச்சு" என்பார்கள். தண்ணீர் எங்கே வந்தது அதில்? மேலே வார்னிஷ் ஒரு கோட் கொடுத்து, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். பக்கத்திலேயே நெய்து உலகத்துக்கு அனுப்புகிறோம், நம் பொம்மைக்கு ரெண்டு முழம் கிடைக்காதா? ஒன்று மட்டும் எச்சரிக்கை: சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட் இரண்டும் அக்ரிலிக்கைக் கரைக்கும். கை ஈரத்தோடு பொம்மையை எடுக்காதீர்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

நம்பிக்கை: ஒரே கோட்டில் கெட்டியாக அடித்தால் வேலை முடிந்தது.
உண்மை: பொம்மையும் முடிந்தது. 28 மில்லிமீட்டர் போர்வீரனின் தலை உளுந்தைவிடச் சற்றுப் பெரிது. அதில் கண், மூக்கு, மீசை எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். கெட்டியாக ஒரு இழுப்பு இழுத்தால் அவ்வளவும் புதைந்துவிடும். பாலைவிடச் சற்றுக் கெட்டியாக நீர்த்து, மெல்லிசாக இரண்டு கோட். இடையில் காயவிடப் பொறுமை வேண்டும், அதைக் கடையில் விற்பதில்லை.

நம்பிக்கை: பிரைமர் கடைக்காரன் காசு பிடுங்கும் வழி.
உண்மை: வழுக்கும் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்க அது வேண்டும். அதற்கும் முன்னால் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழவழப்பு அப்படியே இருக்கும்.

நம்பிக்கை: தின்னர் என்றால் எல்லாம் ஒன்றுதான்.
உண்மை: மர வேலைக்கு வாங்கும் என்.சி. தின்னரில் பிளாஸ்டிக் போர்வீரனைப் போட்டால் கால் முதலில் கரையும். எனாமலுக்கு டர்பன்டைன், அக்ரிலிக்குக்குத் தண்ணீர். இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நம்பிக்கை: வெளிநாட்டு பாட்டில்தான் சரிப்படும்.
உண்மை: சிட்டாடலும் வயெகோவும் நல்ல சரக்குதான். நிறமி நைசாக அரைபட்டிருக்கும், அடர்த்தியாகவும் இருக்கும். ஆனால் கறுப்பு, பழுப்பு, காவி இவற்றுக்கு நம்மூர் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக்கே தாராளம். சிவப்பு, மஞ்சள் இரண்டும்தான் மலிவு சரக்கில் அடி தெரியும். காசு செலவழிப்பதானால் அங்கே செலவழியுங்கள்.

நம்பிக்கை: டப்பாவில் உள்ள பச்சையை அப்படியே அடித்தால் கிளி.
உண்மை: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் தினமும் புதிதாக வைக்கும் கிளியைப் பார்த்தவர்தானே நீங்கள்? இலையில் முடைந்தது, மூக்குக்கு மாதுளம்பூ. அதில் ஒரே பச்சையா இருக்கிறது? மடிப்பில் கரும்பச்சை, மேட்டில் மஞ்சள் கலந்த பச்சை. பொம்மைக்கும் அதே கணக்குதான்.

நம்பிக்கை: ஆண்டாள் கொண்டைக்கும் நகைக்கும் தங்கப் பொடி குழைத்து அடித்தால் என்றைக்கும் மின்னும்.
உண்மை: அந்தப் பொடி தங்கமில்லை, செம்பும் துத்தநாகமும். காற்றுப் பட்டால் கறுக்கும், பச்சையும் பூக்கும். அபிரகப் பொடியில் செய்த மெட்டாலிக் அக்ரிலிக் கறுக்காது.

நம்பிக்கை: மழை நாளானாலும் வார்னிஷ் ஸ்பிரே அடிக்கலாம்.
உண்மை: ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துப்போகும். மேற்கே மலையில் மேகம் இறங்கிவிட்டால் கேனைக் கீழே வையுங்கள். பிரஷ்ஷில் தடவுகிற வார்னிஷ் எதற்கு இருக்கிறது?

நம்பிக்கை: விஷமில்லை என்று போட்டிருந்தால் பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கலாம்.
உண்மை: கூடாது. நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவின் நியூஜெர்சியில், கடிகார முகப்புக்கு ரேடியம் பெயின்ட் அடித்த பெண்கள் அப்படித்தான் உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். பலர் தாடை அழுகிச் செத்தார்கள். நம் டப்பாவில் ரேடியம் இல்லை. ஆனால் ஈயம் இருக்கலாம். வீட்டு, அலங்கார பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் அமலானது. தொழிற்சாலை பெயின்ட்டுக்கு அது பொருந்தாது. ஆகவே லாரி பாடி பட்டறையில் மிஞ்சிய மஞ்சளையும், தாத்தா காலத்து டப்பாவையும் பிள்ளைகள் தொடும் பொம்மைக்குக் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, எனக்கு ரொம்ப நாளாக ஆறாத ஒன்று. "தோல் கலர் இருக்கா?" என்று கேட்டு, வெளிநாட்டு பாட்டிலில் வரும் ரோஸ் நிறத்தை வாங்கிப் போய் எல்லா முகத்திலும் அப்புகிறார்கள். அது யாருடைய தோல்? பர்ன்ட் சியன்னாவில் யெல்லோ ஓக்கரும் துளி கரும்பழுப்பும் கலந்தால் நம் வீட்டு ஆட்களின் நிறம் வரும். ஒரே படையில் நாலு பேருக்கு நாலு விதமாகக் கலக்குங்கள். நாலு பேரும் நாலு ஊர்க்காரர்கள் மாதிரி தெரிவார்கள்.

படை என்றதும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களை வைத்துப் போர் விளையாடுவதற்கு ஒரு விதிப் புத்தகமே எழுதினார். அன்றிலிருந்து நெப்போலியன் போர், ரோமப் போர் என்று உலகம் ஆடிக்கொண்டிருக்கிறது. நம் தம்பிமாரும் வாட்டர்லூவை வர்ணம் அடிக்கிறார்கள். ஆனால் நம்மூரிலிருந்து தென்காசி பஸ் ஏறினால் வாசுதேவநல்லூர். அதற்குப் பக்கத்தில் நெற்கட்டும்செவல். பாளையக்காரர் புலித்தேவனின் கோட்டைகள். 1761இல் கும்பினித் தளபதி யூசுப்கான் வந்து பிடிக்கும் வரை கும்பினியையும் நவாபையும் ஆட்டி வைத்த இடங்கள். பாளையக்காரர்களின் வளரி வீச்சையும் நீள ஈட்டியையும், பின்னாளில் அவர்களோடு மோதிய கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். கொலுவில் கல்யாண செட் இருக்கிறது, கிரிக்கெட் செட் இருக்கிறது. பாளையக்காரர் செட் எங்கே? மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில், வர்ணம் அடிக்காத மண்பொம்மை தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேண்டேஜ் துணியைப் பசையில் நனைத்துப் போர்த்தினால் கூடாரமும் ஆகிவிடும். மேல் படியில் சாமி, கீழ்ப் படியில் கோட்டை. கொலு முடிந்ததும் இறக்கி வைத்துப் பிள்ளைகளை ஆடவிடுங்கள்.

கடைக்கு வரும்போது பழுப்பு, காவி, மங்கிய வெள்ளை மூன்றும் பெரிய டப்பாவாக வாங்குங்கள். கும்பினிச் சிப்பாய் கோட்டுக்குச் சிவப்பு மட்டும் சின்ன டப்பா போதும். அவர்கள் எண்ணிக்கை குறைந்தால் நமக்கென்ன நஷ்டம்?