பரக்கத்தும் கணக்கு நோட்டும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.



தொழுது முடித்துக் கையேந்தும்போது நாம் அதிகமாகக் கேட்கும் துஆக்களில் ஒன்று ரிஸ்க்கில் பரக்கத். கேட்க வேண்டிய துஆதான். ஆனால் சென்ற மாதம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று இப்போது கேட்டால், உடனே பதில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டு, பார்க்க வேண்டிய கணக்கை நாம் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

தவக்குல் என்றால் என்ன?

ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டார். கட்டிவிட்டு நம்பும்படி நபியவர்கள் சொன்னார்கள். திர்மிதீயில் வரும் செய்தி இது. அதே நூலில், உண்மையாகத் தவக்குல் வைப்பவருக்குப் பறவைக்குக் கிடைப்பது போல் உணவு கிடைக்கும் என்ற ஹதீஸும் இருக்கிறது. அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வெளியே கிளம்புகிறது.

சேமித்து வைப்பது தவக்குலுக்கு எதிரானது என்றும் சிலர் நினைக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயில் இருக்கிறது. அல்லாஹ்வின் தூதரைவிடத் தவக்குல் கூடியவர் யார்?

யூசுஃப் நபி தந்த திட்டம்

எகிப்து மன்னரின் கனவுக்கு யூசுஃப் (அலை) அவர்கள் விளக்கம் மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. செய்ய வேண்டியதையும் சொன்னார்கள். ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுங்கள், உண்பதற்குத் தேவையான சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டு வையுங்கள் என்றார்கள். அடுத்து வரும் ஏழு பஞ்ச ஆண்டுகளிலும் ஒரு சிறிதளவை மீதம் வைக்க வேண்டும் என்பது அதில் அடக்கம். ஸூரா யூசுஃபின் 47, 48ஆம் வசனங்களைத் திறந்து பாருங்கள்.

விளைச்சல் நன்றாக இருக்கும்போதே கையைக் கட்ட வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம். சவூதியிலும் துபாயிலும் பிள்ளை உழைக்கும் ஆண்டுகள்தாம் ஒரு குடும்பத்தின் விளைச்சல் ஆண்டுகள். அந்தப் பணம் முழுவதும் கல்யாண மண்டபத்துக்கும் வீட்டு முகப்புக்கும் போய்விட்டால், விசா முடிந்து திரும்பி வரும் பிள்ளைக்குக் கடை வைக்கக்கூட முதல் இருக்காது.

எழுதுங்கள்

குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதி வைப்பது பற்றியது. அல்பகராவின் 282ஆம் வசனம். தவணையைக் குறிப்பிட வேண்டும், நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்றெல்லாம் அதில் வருகிறது. நாமோ, அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று கேட்கிறோம். வாய்வார்த்தையாகக் கொடுத்த பணத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் நம் மஹல்லாவிலேயே இல்லையா?

ஸுபைர் (ரலி) அவர்கள் ஜமல் போர் நாளில் மகன் அப்துல்லாஹ்வை அழைத்து, தம் கடனை அடைக்கும்படி வஸிய்யத் செய்தார்கள். மகன் கணக்கிட்டபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. நிலத்தை விற்று அதை அடைத்தார். அதோடு விடவில்லை. விடுபட்டவர் யாராவது இருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவித்த பிறகே வாரிசுகளுக்குச் சொத்தைப் பிரித்தார். இன்று நாம் மவ்த்தாகிவிட்டால் நம் கடன் எவ்வளவு என்று நம் பிள்ளைக்குத் தெரியுமா?

இந்த மாதமே தொடங்க வேண்டியவை

முதலாவது, 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். வரவு, செலவு, கடன் மூன்றையும் கணவனும் மனைவியும் சேர்ந்து எழுதுங்கள். டீக்கும் வடைக்கும் ஒரு நாளைக்கு 60 ரூபாய் என்றால் மாதம் 1,800, வருடம் 21,600. எழுதாதவரை இது கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, சம்பளம் வந்த அன்றே கடனுக்கும் சேமிப்புக்கும் உள்ள பங்கை எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் செலவழியுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. 500 ரூபாயானாலும் தவறாமல் எடுத்து வையுங்கள்.

மூன்றாவது, வட்டியிலிருந்து வெளியே வாருங்கள். ஒன்றரை வட்டிக்கு ஒரு இலட்சம் வாங்கினால் மாதம் 1,500, வருடம் 18,000 போகிறது. அசல் அப்படியே நிற்கிறது. அடகில் கிடக்கும் நகையில் ஒன்றை விற்றாவது மற்றதை மீட்டுவிடுங்கள். ஹராமும் நிற்கும், நஷ்டமும் நிற்கும்.

நான்காவது, உழைக்காமல் வரும் இலாபத்தைக் கண்டு பயப்படுங்கள். 2019இல் பெங்களூரில் ஹலால் முதலீடு என்று சொல்லி நடந்த ஒரு நிறுவனம் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் சேமிப்பை இழந்து தவித்தார்கள். ஹலால் என்ற பெயரே போதும் என்று நினைக்காதீர்கள். என்ன வியாபாரம், இலாபம் எங்கிருந்து வருகிறது, நஷ்டம் வந்தால் யார் ஏற்பது என்று கேளுங்கள். தெளிவான பதில் இல்லையென்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சம்பளமே போதாதவர்கள்

"எனக்குச் சாப்பாட்டுக்கே பத்தவில்லை, எதைச் சேமிப்பது?" என்று கேட்பவர்களும் இங்கே இருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் மீது குற்றமில்லை. ஏழைகளுக்கும் கடனில் மூழ்கியவர்களுக்கும் ஸகாத்தில் பங்கு உண்டு என்று அத்தவ்பாவின் 60ஆம் வசனம் சொல்கிறது. அது உங்கள் உரிமை, வெட்கப்பட வேண்டாம். வசதியுள்ளவர்களே! 100 ரூபாய் நோட்டுகளாகப் பிரித்துக் கொடுத்துக் கடமையை முடிக்காதீர்கள். பைத்துல்மால் வழியாக ஒருவருக்குத் தையல் மெஷினோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு அவரே ஸகாத் கொடுப்பவராக மாறலாம்.

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் அவர்கள் அவருக்கு துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். கொடுக்க ஒருவர் தயாராக இருந்தார், உழைக்க ஒருவர் தயாராக இருந்தார். இரண்டும் சேர்ந்த சமுதாயம்தான் மதீனா.

ஆகவே துஆவை விட்டுவிடாதீர்கள். துஆ கேட்ட கையால் இன்றிரவே நோட்டின் முதல் பக்கத்தில், நீங்கள் தர வேண்டிய கடன்களை எழுதுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் ரிஸ்க்கை ஹலாலாக்குவாயாக. அதில் பரக்கத் செய்வாயாக. கடன் எங்கள் கழுத்தில் இருக்கும் நிலையில் எங்களை மவ்த்தாக்கிவிடாதே. கொடுக்கும் கைகளாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.